தராசு முள்ளும் அழியாத ஏடும்

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுப்பதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: தராசு முள் ஆடி ஓயுமுன்னே எண் எழுதியாகிவிடும். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று இரண்டு மூன்று கிலோ போக, மிச்சம்தான் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறும். சொன்ன கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். பதிவுகளைச் சங்கிலியாகக் கோக்கும் பிளாக்செயின் பற்றிய ஆய்வுகளை, கொழுந்து நிறுக்கும் அந்த மடுவத்தில் நின்றுதான் என்னால் வாசிக்க முடிகிறது.

எழுதியதைப் பிறகு யாரும் திருத்த முடியாத ஏடு வேண்டும் என்பது பிட்காயின் என்ற மின்பணத்துக்கு முந்திய ஆசை. 1991இல் ஸ்டுவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டார்னெட்டாவும் ஆவணங்களுக்கு நேர முத்திரை குத்தி ஒன்றோடொன்று கோக்க வழி சொன்னார்கள். ஒவ்வொரு பதிவும் முந்தியதன் கைரேகையைச் சுமக்கும். நடுவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் பின்னுள்ளவை பொருந்தாமல் போகும். 2008இல் சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயர் அதைப் பணத்துக்குக் கொண்டுவந்தது. ஆய்வாளர்களும் பணத்தின் பின்னாலேயே போனார்கள். 2016இல் யிலி-ஹூமோ குழுவினர் 41 கட்டுரைகளை ஆராய்ந்தபோது 80 சதவீதத்துக்கு மேல் பிட்காயின் பற்றியவை.

மாம்பழமும் தேயிலையும் பிறகு வந்தன. ஒரு பொதி மாம்பழம் எந்தத் தோட்டத்தது என்று தேட ஏறக்குறைய 7 நாள் எடுத்ததை, வால்மார்ட் பிளாக்செயின் வைத்து 2.2 வினாடியாக்கிக் காட்டியது. 2017இல் மலாவித் தேயிலை விவசாயிகளை வைத்து யூனிலீவரும் சில வங்கிகளும் ஒரு பரிசோதனையை அறிவித்தன. கப்பல் சரக்குக்காக மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் நடத்திய டிரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் தளம் 2023இல் மூடுவிழாக் கண்டது. பதுளை இருக்கும் ஊவாவுக்கு இதில் அக்கறை உண்டு: ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும்போது எடுத்த கொழுந்துக்குத்தான் அந்தத் தனி வாசம், தனி விலை. வாங்குகிறவர் அத்தாட்சி கேட்பார்.

ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது கார்ல் வூஸ்ட், ஆர்தர் ஜெர்வே எழுதியது. பிளாக்செயின் உனக்கு வேண்டுமா என்பதே தலைப்பு. எல்லோரும் நம்பும் ஒருவர் கையில் ஏடு இருந்தால் சாதாரணத் தரவுத்தளம் போதும் என்கிறார்கள். பொருள் எண்ணாக மாறுகிற இடத்தில் பொய் நுழைந்தால் சங்கிலி அதைத் தடுக்காது என்பதையும் மறைக்கவில்லை. அந்த இடம்தான் எங்கள் தராசு.

அழியாத கணக்கு தோட்டத்துக்குப் புதிதுமல்ல. 1921இல் ஒழிக்கப்படும்வரை ‘துண்டு’ இருந்தது. இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், கட்டினால் விடுகிறேன் என்று தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டு. இன்னொரு துரை காசைக் கட்டி ஆளை எடுப்பார். கடனும் கூடவே போகும். அதை எழுதியவர்கள் வேறு, சுமந்தவர்கள் வேறு.

சங்கிலிக்கு முன், நிறுத்த கையோடு எடையை அச்சடித்துக் கொழுந்தெடுத்தவர் கையில் தரும் மின்தராசு வரட்டும் என்பேன்.

பெயரில் நுழையும் பிழையும் அப்படித்தான்: என் அம்மாயி செக்ரோலில் வீரம்மா, அடையாள அட்டையில் வீராயி. சேமலாபக் காசு எடுக்கப் போனபோது கடதாசியில் மூன்றாவதாக ஒரு பெயர். மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்க நான்கு தடவை பதுளைக்கு பஸ் ஏறினார்.