யந்திர வாத்தியார்

ஐஸக் அஸிமோவ் எழுதிய ஒரு சிறுகதையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகு நாட்களாக எண்ணம். 'தி ஃபன் தே ஹாட்' என்பது அதன் பெயர். 1951ல் குழந்தைகளுக்காக எழுதியது. அச்சில் நாலைந்து பக்கங்களுக்கு மேல் வராது. 2006ல் வெளிவந்த மத்தியப் பாடத்திட்டத்து ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் அதுதான் முதல் பாடம். ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் அதைப் படித்து, கேள்விக்குப் பதில் எழுதி, மறந்தும் போயிருப்பார்கள். பரீட்சைக்குப் படித்த கதையை மறுபடி எடுத்துப் பார்க்கிறவர்கள் யார்? என் பேத்தி 2021ல் அந்தப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்தபோதுதான் அது என் காதில் விழுந்தது.

கதை நடப்பது 2157ல். மார்ஜி பதினொரு வயதுச் சிறுமி. அவளைவிட இரண்டு வயது மூத்தவன் டாமி. அவன் தன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு புத்தகத்தைக் கண்டெடுக்கிறான். காகிதத்தில் அச்சடித்த நிஜப் புத்தகம். எழுத்துக்கள் நகராமல் நின்ற இடத்திலேயே நிற்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது. புத்தகத்தின் விஷயம், பழைய காலத்துப் பள்ளிக்கூடம். மார்ஜிக்கோ பள்ளிக்கூடம் என்றாலே கசப்பு. அவளுடைய பள்ளிக்கூடம் படுக்கையறைக்கு அடுத்த அறை. வாத்தியார் ஒரு யந்திரம். பூகோளத்தில் அவள் தேறாமல் போகவே, அம்மா இன்ஸ்பெக்டரை வரவழைக்கிறாள். அவர் குழந்தைக்கு ஓர் ஆப்பிளைக் கொடுத்துவிட்டு யந்திரத்தைப் பிரித்துப் பார்க்கிறார். பூகோளப் பகுதி சற்று வேகமாக ஓடுகிறது என்று கண்டு, வேகத்தைக் குறைத்துவிட்டுப் போகிறார். முன்காலத்தில் ஒரு மனிதர் பாடம் சொல்லிக் கொடுத்தார், ஒத்த வயதுப் பிள்ளைகளெல்லாம் ஒரே கட்டடத்தில் கூடிப் படித்தார்கள் என்பதை மார்ஜியால் நம்பவே முடியவில்லை. கடைசியில் அவள் யந்திரத்தின் முன் தனியாக உட்கார்ந்து பின்னக் கணக்கைக் கேட்டுக்கொண்டே, அந்தப் பிள்ளைகள் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறாள்.

யந்திரம் பொல்லாதது, பழைய பள்ளிக்கூடம் நல்லது என்று இதற்குப் பொருள் சொல்லிவிடுவது சுலபம். பாடம் நடத்துகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. பழைய பள்ளிக்கூடத்தில் பிரம்பும் உண்டு, பரிகாசமும் உண்டு. அங்கே படித்தவன் நான், எனக்குத் தெரியாதா?

இன்னொரு குறையும் கண்ணில் படுகிறது. அஸிமோவின் யந்திரம் ஒரு விதத்தில் யோக்கியமான யந்திரம். அறைக்குள் அதுவும் மார்ஜியுமே உண்டு. மூன்றாம் மனுஷர் கிடையாது. 2020 மார்ச்சில் இங்கே பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் மறுபடி திறந்தன. நடுவில், 2019ல் ஆரம்பித்த கல்வித் தொலைக்காட்சி பாடம் சொல்லிற்று. அதை மார்ஜியின் யந்திரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். ஆனால் என் பேரன் நாலாம் வகுப்பைப் படித்தது கைபேசியில். அதற்குள் வாத்தியார் மட்டுமா இருந்தார்? தெருவே இருந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவன் வகுப்பில் ஒரு பெண்ணுக்குத் திக்குவாய். ஒரு நாள் அவள் தமிழ்ப் பாடத்தை வாய்விட்டுப் படித்தபோது யாரோ அதைப் பதிவு செய்து, பையன்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்கள். பேரன் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். நான் சிரித்தேன். இதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் கட்டம் திரையில் இருண்டு கிடந்தது. அப்புறம் கட்டமே இல்லை. விஷயம் தெரிந்து நான் பேரனைக் கோபித்துக்கொண்டேன்.

"நான் ரெக்கார்ட் பண்ணலை, தாத்தா. எனக்கு வந்தது, இன்னொருத்தனுக்கு அனுப்பினேன். நீங்களும்தானே சிரிச்சீங்க?" என்றான்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

வகுப்பறையில் ஒரு குழந்தை திக்கினால் மற்றக் குழந்தைகள் சிரிக்கத்தான் சிரிக்கும். ஆனால் அவள் கண் கலங்குவதும் அவர்களுக்குத் தெரியும். ஒருவனாவது சிரிப்பை அடக்கிக்கொள்வான். கைபேசியில் சிரிப்பு நாற்பது வீடுகளில் நடக்கிறது. அழுகை ஒரே வீட்டில் நடக்கிறது. 'டிஜிட்டல் குடிமை' என்று இப்போது ஒரு பாடத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்லாதே, அந்நியருக்கு விலாசம் கொடுக்காதே, கேட்காமல் ஒருவர் படத்தை அனுப்பாதே என்பவை அதன் விதிகள். எல்லாம் நல்ல விதிகள்தான். ஆரம்பப் பள்ளியிலேயே சொல்ல வேண்டியவைதான். ஆனால் விதியை உருப்போட்டால் மார்க்கு வரும், குணம் வருமா?

இந்தக் கேள்வியோடு கதையைத் திரும்பப் படித்தபோது, முன்பு கவனிக்காத ஒன்று தென்பட்டது. புத்தகம் ஒன்று, குழந்தைகள் இருவர். மார்ஜி, டாமியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படிக்கிறாள். அவன் மூத்தவன் என்ற மிடுக்கில் அவளை மட்டம் தட்டுகிறான். அவள் எதிர்த்துப் பேசுகிறாள். அவன் கேலி செய்கிறான். ஆனாலும் படிப்பு நடக்கிறது. பிறகும் உன்னோடு படிக்கலாமா என்று அவள் கேட்கிறாள். பார்க்கலாம் என்கிறான் அவன். கேட்பதும், காத்திருப்பதும், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பதும் அங்கே இருக்கின்றன. மார்ஜி ஏங்குகிற பள்ளிக்கூடம் கதையின் நடுவிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அஸிமோவ் இதை உத்தேசித்து எழுதினாரோ என்னவோ! நல்ல கதையில் ஆசிரியர் உத்தேசிக்காததும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

குடிமைப் பாடத்துக்கும் இரண்டு குழந்தைகளும் ஒரு கைபேசியும் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு குழந்தை படிக்கட்டும். மற்றது பதிவு செய்யட்டும். "இதை அனுப்பட்டுமா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். வேண்டாம் என்றால், அந்த முகத்துக்கு எதிரிலேயே அழித்துவிடட்டும். ஒரு வருஷம் இப்படிப் பழகிய பையனிடம் விதியைத் தனியாகச் சொல்ல வேண்டியிராது.

பள்ளிக்கூடம் திறந்தபோது அந்தப் பெண் வேறு பள்ளிக்குப் போய்விட்டிருந்தாள். பேரன் மன்னிப்புக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தான். யாரிடம் கொடுப்பது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அஸிமோவின் கதை உலகத்துப் பெருங்கதைகளில் ஒன்றல்ல. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் படித்துவிட்டு மறந்துவிடக் கூடிய கதையும் அல்ல. வீட்டில் குழந்தையும் கைபேசியும் இருப்பவர்கள் அதை மறுபடி எடுத்து, முடிந்தால் குழந்தையைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, ஒரே புத்தகத்தில் படித்துப் பார்க்கலாம்.