மூன்றாவது படம் எங்கே?

இரண்டு படங்கள். இடப்புறம் தொங்கிய தோள், தளர்ந்த வயிறு, வாடிய முகம். கீழே 'முன்' என்று எழுத்து. வலப்புறம் நிமிர்ந்த மார்பு, திரண்ட புயம், வரிவரியாய் வயிறு, வெற்றிப் புன்னகை. கீழே 'பின்' என்று எழுத்து. இரண்டுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி. அந்த அம்புக்குறிக்குத்தான் விலை! பன்னிரண்டு வாரம் என்பார் ஒருவர். தொண்ணூறு நாள் என்பார் இன்னொருவர். முப்பதே நாள் போதும் என்று மூன்றாமவர் முழங்குவார். முழக்கம் வேறு வேறு. படம் மட்டும் அதே இரண்டு.

இத்தகைய திட்டங்களைப் பின்பற்றலாமா என்று இளைஞர் பலர் கேட்கின்றனர். நல்ல கேள்வி. உடலை ஓம்புவது பற்றிய கேள்வி. உழைத்துச் சேர்த்த பணத்தைப் பற்றிய கேள்வி. அதனினும் மேலாக, ஒருவன் தன்னைத்தானே மதித்துக்கொள்வது பற்றிய கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' என்பதும் தவறு. கையை வீசி 'வீண்' என்று தள்ளுவதும் தவறு. ஒரு நூலை எவ்வாறு திறனாய்வோமோ, அவ்வாறே இவ்விளம்பரங்களையும் படித்துப் பார்ப்போம். கதை என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்போம்.

கதை பழையது. 1867 இல் பிறந்த யூஜின் சாண்டோ, தன் உடற்கட்டை மேடையில் காட்டியே உலகப் புகழ் பெற்றவர். 1901 இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மன்றத்தில் மாபெரும் உடற்கட்டுப் போட்டியை நடத்தியவரும் அவரே. பயிற்சிமுறை, பயிற்சிக் கருவி, கோக்கோத் தூள் என்று தம் பெயரில் பலவும் விற்றார். 1904-05 இல் இந்தியாவுக்கும் வந்தார். அந்தப் பெயர் நம் நாட்டில் எவ்வளவு ஆழப் பதிந்தது என்பதற்குப் படத்தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட 'சாண்டோ' என்ற அடைமொழியே சான்று.

சாண்டோ விதைத்ததை அறுவடை செய்தவர் சார்லஸ் அட்லஸ். இத்தாலியில் 1892 இல் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா சென்ற ஏஞ்சலோ சிசிலியானோ என்பவரே பின்னாளில் அட்லஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1921, 1922 ஆம் ஆண்டுகளில் ஓர் உடற்பயிற்சி ஏடு நடத்திய போட்டிகளில் வென்றார். 1929 இல் சார்லஸ் ரோமன் என்ற விளம்பர வல்லுநர் அவரோடு கூட்டுச் சேர்ந்தார். கருவி ஏதும் வேண்டாம். தசையைத் தசையோடு மோதவிட்டே வலிமை பெறலாம் என்ற பயிற்சி, பாடம் பாடமாக அஞ்சலில் பறந்தது.

அந்தப் பயிற்சியில் பொய்யில்லை. தசைக்கு எதிர்ப்பைத் தந்தால் தசை வளரும் என்பது உண்மையே. ஆனால் விற்றது பயிற்சியா? சித்திரக்கதை ஏடுகளின் பின்னட்டையில் பல்லாண்டுகள் வந்த அந்த விளம்பரத்தைப் பாருங்கள். கடற்கரையில் ஒரு மெலிந்த இளைஞன். 97 பவுண்டு, அதாவது 44 கிலோ எடையுள்ள நோஞ்சான். முரடன் ஒருவன் அவன் முகத்தில் மணலை உதைக்கிறான். உடன் வந்த பெண் ஏளனமாகப் பார்க்கிறாள். வீடு திரும்பியவன் சினத்தில் நாற்காலியை உதைக்கிறான். அட்லஸுக்கு எழுதிப் போடுகிறான். அடுத்த கட்டத்தில் கண்ணாடி முன் புதிய உடலோடு நிற்கிறான். அதற்கடுத்த கட்டத்தில் முரடனுக்கு ஒரு குத்து; பெண்ணின் கண்ணில் காதல்!

அவமானம், அஞ்சலட்டை, அடி: இவ்வளவே கதை. பயிற்சி நடந்த நாட்கள் எங்கே? வியர்வை எங்கே, சலிப்பு எங்கே, பாதியில் நின்ற நாட்கள் எங்கே? இரு கட்டங்களுக்கு நடுவேயுள்ள கோட்டுக்குள் எல்லாம் புதைந்துவிட்டன. முதலில் வெட்கத்தை விற்கிறார்கள். பிறகு அந்த வெட்கத்துக்கு மருந்தை விற்கிறார்கள். மெலிந்தவன் மதிக்கத்தக்கவன் அல்லன், குத்துவதற்கே வலிமை, பெண் என்பவள் வென்றவனுக்குக் கிடைக்கும் பரிசு என்ற மூன்று நச்சுக் கருத்துகளும் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் நெஞ்சில் இலவசமாக இறங்குகின்றன. பாடத்துக்குப் பணம் கட்டாதவனும் இந்தப் பாடத்தைக் கற்றுவிடுகிறான்.

அன்று சித்திரம், இன்று நிழற்படம். அன்று பின்னட்டை, இன்று கைப்பேசித் திரை. கட்டங்கள் இரண்டாகச் சுருங்கியிருக்கின்றன. விட்டுப்போனது மட்டும் மாறவில்லை. நடுவில் உள்ளதைக் காட்டாதது ஒரு குறை. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. 'பின்' என்ற படத்துக்குப் பின் என்ன? ஓராண்டு கழித்து, ஐந்தாண்டு கழித்து அந்த மனிதன் எப்படி இருக்கிறான்? அந்த மூன்றாவது படம் எங்கே?

ஒருமுறை அந்த மூன்றாவது படம் எடுக்கப்பட்டது. எடுத்தவர்கள் விளம்பரக்காரர்கள் அல்லர், ஆராய்ச்சியாளர்கள்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2004 இல் தொடங்கியது 'தி பிக்கெஸ்ட் லூசர்' என்ற போட்டி. மிகுந்த எடையுள்ள ஆண்களும் பெண்களும் நாள்தோறும் மணிக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டும். உணவைக் கடுமையாகக் குறைக்க வேண்டும். வாரந்தோறும் எடைமேடையில் ஏற வேண்டும். அதிகம் இழந்தவருக்கு இரண்டரை இலட்சம் டாலர் பரிசு. பயிற்சியாளர் கத்துவதும், போட்டியாளர் கண்ணீர் விடுவதும், நாடு முழுவதும் அதைப் பார்த்துக் களிப்பதுமாக நிகழ்ச்சி ஆண்டுக்கணக்கில் ஓடியது.

2009 இல் நடந்த எட்டாம் சுற்றில் கலந்துகொண்ட பதினால்வரை, அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் ஆறாண்டுகள் கழித்து மீண்டும் அளந்தனர். முடிவு 2016 இல் வெளிவந்தது. முப்பது வாரப் போட்டியில் அவர்கள் இழந்தது சராசரி 58 கிலோ. ஆறாண்டுகளில் திரும்ப ஏறியது சராசரி 41 கிலோ!

'சோம்பேறிகள், வாயைக் கட்டத் தெரியாதவர்கள்' என்று தீர்ப்புச் சொல்ல நாக்கு துடிக்கும். பொறுங்கள்; உடலுக்குள் நடந்ததையும் அவர்கள் அளந்திருக்கின்றனர். ஓய்வாக இருக்கும்போதும் உடல் ஓரளவு ஆற்றலைச் செலவிடுகிறது. இந்தப் பதினால்வரின் உடல், அவர்களுடைய எடைக்கும் வயதுக்கும் எதிர்பார்க்கத்தக்க அளவைக் காட்டிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகச் செலவிட்டது. அதுவும் ஆறாண்டுகளுக்குப் பிறகு. கொழுப்புத் திசுவில் சுரந்து 'போதும்' என்று மூளைக்குச் சொல்வது லெப்டின் என்னும் இயக்குநீர். போட்டி முடிவில் அது ஏறக்குறைய வற்றிவிட்டிருந்தது. ஆறாண்டுகள் கழித்தும் பழைய அளவை எட்டவில்லை. பஞ்சம் வந்துவிட்டதென்று உடல் செலவைச் சுருக்குகிறது, பசியையோ பெருக்குகிறது.

இந்தச் சுருக்கமே எடை திரும்பியதற்குத் தனிக்காரணம் என்று நாம் சொல்லவில்லை. எடையை நன்கு காத்துக்கொண்டவரிடமும் அது காணப்பட்டது. ஆனால் ஒன்று தெளிவு. தளர்ந்தது அவர்களுடைய ஒழுக்கம் அன்று. அவர்கள் எதிர்த்துப் போரிட்டது தங்கள் உடலின் இயற்கையோடு. அந்தப் போருக்கு முப்பது வாரம் என்று கெடு விதித்தது நிகழ்ச்சி. கெடு முடிந்ததும் விளக்கணைத்துப் புறப்பட்டுவிட்டது. போர் முடியவில்லை, துணை மட்டும் போய்விட்டது.

இனி, படத்தில் இடம்பெறாதவர்களைப் பற்றியும் கேட்க வேண்டாமா? ஆயிரம் பேர் சேர்ந்து, எழுநூறு பேர் விலகி, முந்நூறு பேர் முடித்து, மூவர் மட்டும் மின்னினால், அந்த மூவரின் படமே சுவரில் ஏறும். 2005 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புகழ்பெற்ற நான்கு உணவுத் திட்டங்களை எடுத்துக்கொண்டது. திட்டத்துக்கு நாற்பது பேராக 160 பேரைப் பிரித்து ஓராண்டு பார்த்தது. நான்கில் எதைப் பின்பற்றினாலும் சராசரி இழப்பு இரண்டு முதல் மூன்று கிலோ சொச்சந்தான். திட்டத்துக்குத் திட்டம் பெரிய வேறுபாடில்லை. ஆண்டு முடிவதற்குள் சில திட்டங்களில் பாதிப்பேர் விலகியிருந்தனர். எந்தத் திட்டம் என்பதைவிட, எவ்வளவு ஒட்டி நடந்தார் என்பதே பலனை முடிவு செய்தது.

'எல்லோருக்கும் இப்பலன் கிட்டாது' என்று மூலையில் எறும்பு எழுத்தில் போட்டுவிட்டுத் தப்பும் வழக்கம் அமெரிக்காவில் நெடுங்காலம் இருந்தது. 2009 இல் அந்நாட்டு வாணிப ஆணையம் அந்தக் கதவை அடைத்தது. அரிய வெற்றியைக் காட்டுபவர், சாதாரணமாக ஒருவர் எதிர்பார்க்கக்கூடிய பலன் எவ்வளவு என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது. அந்த ஒரு வரியை எந்த விளம்பரத்திலும் தேடிப் பாருங்கள். அதைச் சொல்லாதவரிடம் நாம் சொல்ல வேண்டியது வணக்கம் மட்டுமே.

படத்தில் ஒளிந்திருக்கும் இன்னொன்று ஊசி. பச்சைக் கல்லீரலையும் ஆதிமனிதன் வாழ்க்கையையும் காட்டி, அதனாலேயே இவ்வுடல் வந்தது என்று மார்தட்டிய 'லிவர் கிங்' என்ற அமெரிக்கர், 2022 டிசம்பரில் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டதை ஒப்புக்கொண்டார். ஊசியின் ஆற்றல் எத்தகையது என்பதற்கு 1996 இல் வெளிவந்த ஓர் ஆய்வு சான்று. பத்து வாரம் டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாதிருந்தவருக்குக் கொழுப்பல்லாத உடற்பொருள் ஏறத்தாழ 3 கிலோ கூடியது. ஊசியின்றி உண்மையாகப் பயிற்சி செய்தவருக்குக் கூடியது ஏறத்தாழ 2 கிலோ. இரண்டும் சேர்ந்தவருக்கோ 6 கிலோ! அந்த ஆறு கிலோ உடலைச் சுவரில் மாட்டி, 'இதோ, உழைத்தால் நீயும் இப்படி ஆவாய்' என்றால், உண்மையாக உழைக்கும் இளைஞன் கண்ணாடி முன் நின்று தன்னைத்தான் பழித்துக்கொள்வான். வஞ்சித்தவன் வேறொருவன், வெட்கப்படுபவன் இவன். இதனினும் கொடுமை உண்டா? வெட்கம் தாளாமல் இவனும் அதே ஊசியைத் தேடிப் போனால், இதயமும் கல்லீரலும் கொடுக்க நேரும் விலையை எந்த 'பின்' படம் காட்டும்?

'அப்படியானால் உடற்பயிற்சியே வீண் என்கிறீரா?' என்று கேட்கலாம். இல்லை, இல்லவே இல்லை! அதே பதினால்வரின் கதை நம் பக்கம் சான்று சொல்கிறது. ஆறாண்டுக்குப் பின் அவர்களை இரு கூறாக்கிப் பார்த்தனர். ஒரு கூற்றைச் சேர்ந்த எழுவர், தொடக்க எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்த நிலையிலேயே நின்றனர். மற்ற எழுவர் பழைய எடைக்கே திரும்பிவிட்டனர். வேறுபாடு எதில்? காத்துக்கொண்டவர் தம் உடல் உழைப்பைத் தொடக்க அளவினும் 160 விழுக்காடு கூட்டியிருந்தனர். மற்றவர் கூட்டியது 34 விழுக்காடு மட்டுமே. முப்பது வார வேகம் அவர்களைக் காக்கவில்லை. ஆறாண்டும் நில்லாத நடையே காத்தது.

எடை குறையாவிட்டாலும் பயிற்சி பலன் தருகிறது. இதயநோய், நீரிழிவு, மனச்சோர்வு ஆகியவற்றின் வாய்ப்பைக் குறைக்கிறது. முதுமையில் எலும்பையும் தசையையும் தாங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வகுத்த அளவு இதுதான்: வளர்ந்தவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக உழைக்க வேண்டும்; விரைந்த நடையும் போதும். வாரத்தில் இரு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். இதில் 'முன்' இல்லை, 'பின்' இல்லை, கெடு இல்லை, கட்டணம் இல்லை. அதனால்தான் இதற்கு விளம்பரமும் இல்லை!

ஆகவே, பின்பற்றலாமா என்ற கேள்விக்கு நம் விடை இது. பயிற்சியை ஏற்போம், வாக்குறுதியை மறுப்போம். தனியே தொடங்கத் தயங்குபவருக்கு ஒரு திட்டம் ஊன்றுகோல் ஆகலாம். நாளொன்றுக்கு இன்ன பயிற்சி என்ற ஒழுங்கும், உடன் செய்வோரின் துணையும் உண்மையான உதவிகளே. ஆனால் பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். தொண்ணூறு நாள் முடிந்தபின், தொண்ணூற்றொன்றாம் நாளும் இதை என்னால் செய்ய முடியுமா? சேர்ந்தவர் எத்தனை பேர், விலகியவர் எத்தனை பேர்? பயிற்சியோடு தூளும் மாத்திரையும் வாங்கியே தீர வேண்டும் என்கிறீர்களா? பலன் வராவிட்டால் குறை உங்கள் திட்டத்திலா, என் மனவுறுதியிலா? கடைசிக் கேள்விக்கு 'உன் மனவுறுதியில்தான்' என்று விடை வருமானால் எழுந்து வந்துவிடுங்கள். நோய் தீர்ந்தால் தாயத்தின் பெருமை, தீராவிட்டால் கட்டிக்கொண்டவனின் குறை என்று சொல்லும் பழைய வணிகமே அது. சட்டை மட்டுமே புதிது.

பகலெல்லாம் சுமை தூக்கியவனுக்கும், பன்னிரண்டு மணிநேரம் நாற்காலியில் முடங்கியவனுக்கும், அடுப்படியை விட்டு அகல இயலாத பெண்ணுக்கும் ஒரே இரட்டைப் படத்தைக் காட்டி, 'முயன்றால் முடியும்' என்பது எளிது. முயல்வதற்கு நேரம் எங்கே, நடப்பதற்குப் பாதை எங்கே, ஓடுவதற்குத் திடல் எங்கே என்று கேட்பதுதான் கடினம். கடினமான அந்தக் கேள்வியையும் கேட்போம். கேட்டுக்கொண்டே நாள்தோறும் அரைமணி நடப்போம்.

உடல் ஒரு விளம்பரப் பலகை அன்று. அது நாம் வாழ்கின்ற வீடு. அடுத்த முறை இரண்டு படங்களை யாரேனும் உங்கள் முன் நீட்டினால், புன்னகையோடு கேளுங்கள், தோழர்களே: 'ஐயா, மூன்றாவது படம் எங்கே?'