ஹாத்தோர்ன்: பாடப்புத்தகம் விட்டுவிட்ட இரண்டு பெண்கள்

ஊழியர்களைக் கவனிச்சாலே உற்பத்தி கூடும். ஹாத்தோர்ன் ஆய்வு என்றாலே மேலாண்மைப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். நடந்ததைப் பார்ப்போம். 1927-ல் சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில், ரிலே பூட்டும் ஐந்து பெண்களைத் தனி அறைக்கு மாற்றினார்கள். அதுவரை நூறு பேருக்கு மேல் சேர்த்துப் போட்ட கூலிக் கணக்கு, இந்தச் சிறு குழுவுக்கு மட்டும் என்றானது. அதிகம் பேசுறாங்க, ஒத்துழைக்கலை என்று 1928 தொடக்கத்தில் இருவரை வெளியேற்றி, வேறு இருவரைச் சேர்த்தார்கள். உற்பத்தி மேலும் ஏறியது.

1967-லேயே அலெக்ஸ் கேரி இதையெல்லாம் சுட்டிக்காட்டிவிட்டார். ஆனாலும் பாடத்தில் கூலியும் இல்லை, தண்டனையும் இல்லை. கவனிப்பு மட்டும்தான் மிச்சம். ஏன்னா, அந்த விளக்கம் நிர்வாகத்துக்குச் செலவு வைக்காது. சம்பள உயர்வு கேட்பவரிடம் பாராட்டுச் சான்றிதழை நீட்ட இதைவிட வசதியான ஆய்வு ஏது?