குறிகாட்டியும் குழந்தையும்: மதியிறுக்க ஆய்வில் குளூட்டாதயோன் குறித்த ஒரு மறுநோக்கு

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உடைய குழந்தைகளிடம் ஆக்சிஜனேற்ற அழுத்தம் மிகுந்துள்ளது என்னும் கூற்று இன்று ஐயத்துக்கு இடமற்ற உண்மைபோல எடுத்தாளப்படுகிறது. இதற்கு வலுவான தொடக்கம் தந்தது ஜில் ஜேம்ஸும் அவர்தம் குழுவினரும் 2004இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் நியூட்ரிஷன்’ இதழில் வெளியிட்ட கட்டுரையாகும். மதியிறுக்கமுடைய 20 குழந்தைகளின் குருதிநீர்மம், அக்குறைபாடற்ற 33 குழந்தைகளின் குருதிநீர்மத்தோடு ஒப்பிடப்பட்டது. முன்னவரிடம் மெத்தியோனின், சிஸ்டைன், குளூட்டாதயோன் ஆகியவை குறைந்தும், ஆக்சிஜனேற்றமடைந்த குளூட்டாதயோன் கூடியும் காணப்பட்டன. 2006இல் 80 குழந்தைகளை ஆய்ந்தபோதும் இதே போக்கே வெளிப்பட்டது. இவ்வளவீடுகளை மறுக்கக் காரணமில்லை. அவற்றிலிருந்து சிகிச்சையை நோக்கி எடுத்துவைக்கப்பட்ட அடியே மறு ஆய்வுக்குரியது.

அந்த அடியின் தர்க்கம் எளிமையானது. உடலில் ஹோமோசிஸ்டைனுக்கு இரு வழிகள் உண்டு. ஃபோலேட், வைட்டமின் பி12 ஆகியவற்றின் துணையால் அது மீண்டும் மெத்தியோனினாக மாறலாம். அல்லது சிஸ்டைனாகிப் பின் குளூட்டாதயோனுக்கு மூலப்பொருளாகலாம். குளூட்டாதயோன் குறைந்தால் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வகைகளைத் தணிக்கும் ஆற்றல் குன்றும். எனவே அதனை உயர்த்தினால் குழந்தையின் நிலை மேம்படும் என்பது எதிர்பார்ப்பு. 2004ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே 8 குழந்தைகளுக்கு ஃபோலினிக் அமிலமும் பீட்டெய்னும், பின்னர் மெத்தில்கோபாலமினும் அளிக்கப்பட்டு, குருதியளவுகள் சீரடைந்தமை காட்டப்பட்டது. 2009இல் 40 குழந்தைகளிடமும் குளூட்டாதயோன் உயர்ந்தது. ஆயினும் அந்த ஆய்வில் மருந்துப்போலிக் குழு இல்லை.

தமிழில் எழுதுவோர்க்கு இங்கு மேலும் ஓர் இடருண்டு. ‘அழுத்தம்’ என்னும் சொல் மன அழுத்தம், குருதி அழுத்தம் எனப் பழகிப்போனது. ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்று படிக்கும் பெற்றோர், வேதிச் சமநிலைக் குலைவைக் குழந்தையின் மனநிலையோடு பிணைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

அந்த எதிர்பார்ப்பை நேரடியாகச் சோதித்தது 2016இல் ‘மாலிகுலர் ஆட்டிசம்’ இதழில் விங்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. சிஸ்டைனை வழங்கும் என்-அசிட்டைல்சிஸ்டைன், மருந்துப்போலியோடு ஒப்பிட்டு, 31 இளையோரிடம் 12 வாரங்கள் சோதிக்கப்பட்டது. மருந்து பெற்றோரின் குருதியில் குளூட்டாதயோன் உயர்ந்தது. சமூக உறவாடலில் மாற்றமில்லை. குறிகாட்டி நகர்ந்தது, குழந்தை அங்கேயே நின்றது. பங்கேற்றோர் சிலரே என்பதால் சிறிய பயன் ஒன்று கண்ணில் படாமல் போயிருக்கலாம். எனினும் இம்முடிவு பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை. 2012இல் ஹார்டன் குழுவினர் இதே மருந்தால் எரிச்சல் குறைந்ததாகக் கண்டதே மிகுதியும் மேற்கோளாகிறது. எரிச்சலோ மதியிறுக்கத்தின் மையக்கூறு அன்று. 2017இல் டீன் குழுவினர் நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் அளித்தும் வேறுபாடு காணவில்லை.

மெத்தில்கோபாலமின் குறித்த ஹென்ட்ரன் குழுவினரின் 2016ஆம் ஆண்டு ஆய்வு (57 குழந்தைகள், 8 வாரங்கள்) சற்றுச் சிக்கலானது. மருத்துவர் மதிப்பீட்டில் மேம்பாடு தெரிந்தது. அது மெத்தியோனின் உயர்வோடு இயைந்தும் நின்றது. ஆனால் பெற்றோர் நிரப்பிய அளவுகோல்களில் மேம்பாடு தெரியவில்லை. குழந்தையோடு நாள் முழுதும் இருப்போர் காணாத மாற்றத்தை எவ்வாறு எடைபோடுவது என்னும் வினா அங்கே திறந்தே கிடக்கிறது.

காரணத் தொடர்பை ஐயுறுவதற்கான சான்று ஜேம்ஸ் குழுவினரின் 2008ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே உள்ளது. மதியிறுக்கமுடைய குழந்தைகளின் பெற்றோரிடமும் இத்தகைய வளர்சிதைமாற்றக் குறைபாடுகள் காணப்பட்டன. அவ்வாறெனில் இவ்வேதிநிலை மட்டுமே மதியிறுக்கத்தை உண்டாக்கப் போதாது. குருதியைக் கொண்டு மூளையை ஊகிப்பதும் எளிதன்று. இறந்தோரின் மூளைத்திசுவில் குளூட்டாதயோன் குறைந்திருந்ததை ரோஸ் குழுவினர் 2012இல் காட்டினர். உயிரோடுள்ள வயதுவந்தோரின் மூளையைக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையியலால் அளந்த டூரியூ குழுவினர் 2016இல் வேறுபாடு காணவில்லை.

இவ்விவாதம் ஆய்வகத்தோடு நிற்பதன்று. குளூட்டாதயோன் குறைவு, கன உலோகங்களை வெளியேற்ற இயலாமைக்குச் சான்றாக்கப்பட்டு, உலோகநீக்கச் சிகிச்சைக்கு ஆதரவாகவும் கையாளப்பட்டது. 2005இல் பென்சில்வேனியாவில் மதியிறுக்கமுடைய ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அச்சிகிச்சையின்போது உயிரிழந்தான். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் தான் திட்டமிட்டிருந்த உலோகநீக்கச் சோதனையை 2008இல் கைவிட்டது.

ஃபிரை குழுவினரின் ஃபோலினிக் அமிலச் சோதனை (48 குழந்தைகள், 12 வாரங்கள்) சற்றே வேறு வழியிற் சென்றது. அது முதன்மையாக அளந்தது குருதிப்பொருளை அன்று. குழந்தையின் பேச்சுவழித் தொடர்பாடலை. மருந்து பெற்றோர் மேம்பட்டனர். ஃபோலேட் ஏற்பிக்கெதிரான எதிர்ப்பொருள் உடையோரிடம் பயன் கூடுதலாகத் தெரிந்தது. எல்லாக் குழந்தைகளையும் ஒரே வேதிக்குறைபாட்டுக்குள் அடக்காமல் யாருக்குப் பயன் என்று கேட்டதே அதன் தகுதி. 48 என்னும் எண்ணிக்கை அதன் வரம்பு.