நியூட்ரலில் ரேஸ் கொடுத்தல்: நிறையும் குறையும்

வண்டி நின்றிருக்கையில் கியரை நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை மிதித்து, எஞ்சினைச் சுமையின்றி விரைந்து சுழலவிடுவதை ஓட்டுநரும் மெக்கானிக்கும் 'ரேஸ் கொடுத்தல்' என்பர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரலுக்கு வரும் கார்களும், கார்த்திகை, மார்கழியில் சபரிமலை நோக்கிச் செல்லும் வேன்களும் நிறைந்திருக்கும் தென்காசி, இலத்தூர், செங்கோட்டைப் பகுதிச் சாலைகளில் இந்த ஓசை பழகிப்போன ஒன்று. பழகிய காரணத்தாலேயே அதன் பயனையும் கேட்டையும் பிரித்தறிவது தேவையாகிறது.

இவ்வழக்கம் அறியாமையில் பிறந்ததன்று. அம்பாசடர் போன்ற பழைய கார்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தந்த கார்புரேட்டர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சரியான கலவையைத் தர இயலாமல் திணறியதால், சற்றே ரேஸ் கொடுத்து எஞ்சின் அணைந்துவிடாமல் காப்பது அன்றைய ஓட்டுநரின் கைத்திறனாக இருந்தது. இன்றைய கார்களில் வெப்பத்தை உணர்ந்து எரிபொருளின் அளவை மின்னணுக் கட்டுப்பாட்டகமே திருத்திக்கொள்வதால், அத்தேவை மறைந்தும் பழக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

ரேஸ் கொடுத்தல் இன்றும் முறையாகப் பயன்படும் இடங்கள் உள்ளன. டீசல் வண்டிகளின் புகைச் சோதனையில், எஞ்சினைச் சுமையின்றி அதன் உச்ச வேகம்வரை முடுக்கியே புகையின் அடர்த்தி அளக்கப்படுகிறது. ஓசையில் தோன்றும் பிசிறைக் கேட்டுப் பழுதின் இடத்தைக் கண்டறியும் மெக்கானிக்குக்கும் இது உதவுகிறது. ஓடும் வண்டியிலும் இது பயன்படுகிறது: ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும் எஸ் வளைவில் கீழ் கியருக்கு மாறும் ஓட்டுநர், கிளட்சை மிதித்த நிலையில் எஞ்சினின் சுழற்சியைச் சற்று உயர்த்திச் சக்கரங்களின் வேகத்தோடு இணையச் செய்தால், கிளட்சும் கியரும் அதிர்ச்சியின்றிப் பொருந்துகின்றன.

ஆனால் காலையில் வண்டியைக் கிளப்பியதும் உறுமவிடுவதற்கு இத்தகைய நியாயம் இல்லை. இரவில் எண்ணெயின் பெரும்பகுதி அடித்தொட்டியாகிய சம்ப்பில் வடிந்துவிடுவதால், அது பம்பினால் மேலேறித் தாங்கிகளிலும் சிலிண்டர் சுவர்களிலும் படலமாகப் பரவுவதற்குள் வேகத்தைக் கூட்டினால் உலோகத்தோடு உலோகம் உரசித் தேய்கிறது. அத்துடன், மேலும் கீழும் ஓடும் பிஸ்டனின் நிலைம விசை, சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. அதாவது வேகம் இரட்டித்தால், பிஸ்டனை இழுத்துப் பிடிக்கும் இணைப்புத் தண்டின் மீது அந்த விசை நான்கு மடங்காகிறது. ரேஸ் கொடுத்தால் எஞ்சின் விரைவில் சூடேறும் என்ற நம்பிக்கையும் வலுவற்றது. சுமையில்லாத எஞ்சின் குறைந்த எரிபொருளையே எரிப்பதால், மெதுவாக ஓட்டிச் செல்வதே அதனைச் சீராகச் சூடேற்றும். குளிர்நாடுகளில் எண்ணெய் உறைவதுபோல் கெட்டியாகும் இடர், சாரல் பருவத்திலும் தென்காசி வட்டாரத்தில் இல்லை. டர்போ பொருத்திய வண்டியை ரேஸ் கொடுத்து உடனே அணைப்பதும் தீங்கானது. எண்ணெய்ப் பம்பு நின்ற பிறகும் டர்போவின் சுழலி எண்ணெய் வரத்தின்றிச் சிறிது நேரம் சுழல்கிறது.

எஞ்சினின் தேய்மானம் உரிமையாளரின் செலவு. ஓசையும் புகையும் பிறர் மீது சுமத்தப்படும் செலவு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. டெசிபல் என்பது மடக்கை அளவு. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. ஆகவே சைலன்சரை மாற்றியமைத்த ஒரு வண்டியின் உறுமல் ஒரு தெருவின் உறக்கத்தைக் கலைக்கப் போதுமானது. மூடிய கொட்டகைக்குள் ரேஸ் கொடுத்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு தேங்கி உயிருக்கே ஊறாகலாம்.

சோதனை, பழுதறிதல், கியர் மாற்றம் ஆகியவற்றில் ரேஸ் கொடுத்தல் ஒரு வினாவுக்கு விடை தேடுகிறது அல்லது ஒரு வேலையை முடிக்கிறது. அங்கெல்லாம் அது திறன். அவ்வாறு எதுவும் இல்லாதபோது அது எரிபொருளையும் உலோகத்தையும் அயலாரின் அமைதியையும் வீணே கரைக்கிறது. வண்டியைக் கிளப்பி அரை நிமிடம் பொறுத்து, முதல் சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுவதே இன்றைய எஞ்சினுக்கு ஏற்ற பராமரிப்பு.