கண்ணகியின் முதல் அவை

சிலப்பதிகாரக் கண்ணகி புகாரில் அடங்கியிருந்து, மதுரையில் திடுமெனச் சீறினாள் என்பாருளர். அக்கருத்துப் பொருந்துவதன்று. குண்டங்கள் இரண்டில் நீராடிக் காமவேளைத் தொழுமாறு தேவந்தி கூறியபோதே, அது தனக்குப் பெருமையன்றென மறுத்தவள் அவள். அவ்வுறுதி ஓங்கி ஒலித்தற்குக் களனாயது மதுரை ஆயர்பாடி. கவுந்தியடிகள் தந்த அடைக்கலத்தை ஏற்ற மாதரி, மனையளித்து, மகள் ஐயையையும் துணையாக்கினாள். கோவலன் கொலையுண்டமை கேட்ட கண்ணகி, குரவைக்கண் நின்ற ஆய்மகளிர் அனைவரையும் விளித்துக் கேட்குமாறு கூறிய பின்னரே ஞாயிற்றை வினவுகின்றாள். எனவே, வழக்குரை காதைக்கு முன்னரே துன்பமாலையில் அவள் வழக்குத் தொடங்கிவிட்டது. அதனைக் கேட்ட அவை மகளிர் அவை. அரசவையில் அவள் தனித்து நின்றாள் என்பது உண்மையே. ஆயினும், அடைக்கலம் காவாதொழிந்தேன் என மாதரி தீப்புகுந்தமையை நீர்ப்படைக் காதை உரைக்கும். அதனை மறந்து சீற்றத்தை மட்டும் போற்றுதல் காப்பியத்தைப் பாதி கற்றலேயாம்.