மகளிர் ஆடலில் எதிர்க்குரல்

மகளிர் விளையாட்டிற் பிறந்த பாடல்களைச் சமயப் பொருளுக்காகவே கற்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அம்மானை, தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தி, தோணோக்கம், ஊசல் எனத் திருவாசகத்துள் வருவன யாவும் ஆடற்களத்து வடிவங்கள் என்பதை உரைகாரர் ஒரு வரியிற் கூறிக் கடப்பர். அங்ஙனம் கடப்பதால் நாம் இழப்பது சிறிதன்று. திருச்சாழலை முன்வைத்து அதனை ஈண்டு ஆராய்வாம்.

திருச்சாழல் இருபது பாடல்கள் உடையது. முன்னிரண்டடியில் ஒருத்தி இறைவனை எள்ளி வினவுவாள். பின்னிரண்டடியில் மற்றொருத்தி விடையிறுப்பாள். மூன்றாம் பாடலை நோக்குக. இருப்பிடம் சுடுகாடு, உடுப்பது புலித்தோல், தாயுமில்லை, தந்தையுமில்லை, தனியன் என்கின்றாள் முன்னவள். இது தத்துவ வினாவன்று; மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் பெண்டிர் அடுக்கும் குறை! விடை கூறுபவளோ அக்குறையை மறுத்திலள். ஆம், தனியனே, ஆயினும் அவன் சினந்தால் உலகம் பொடியாகும் என்று திருப்புகின்றாள். எதிரியின் சொல்லையே ஏற்று, அதனையே படையாக்குதல் இவ்வாட்டத்தின் விதி போலும். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியிற் பாடிய சாழற் பதிகமும் இவ்விதி பிறழாது நடக்கின்றது.

இனி, ஈழ மன்னனின் ஊமை மகள் புத்தரின் வினாக்களுக்கு விடையளித்தாள் என்றும், அவ்விடையே திருச்சாழலாயிற்று என்றும் திருவாதவூரடிகள் புராணம் கூறும். வாய் பேசாப் பெண்ணொருத்தி வாதில் வென்றாள் என்பது இனிய கதையே. ஆயினும் வினவுவோர் துறவியராயின், வினாவினுள்ளேயே 'ஏடீ' என்னும் விளி வருவானேன்? அது தோழி தோழியை அழைக்கும் விளி. புராணம் விடை சொன்ன பெண்ணைப் போற்றிற்று. வினவிய பெண்ணை மறந்தது. இருவர் ஆடிய ஆட்டம் ஒருத்தியின் வெற்றியாகக் குறுகிற்று என்பதே எம் கருத்து.

சிலப்பதிகார வாழ்த்துக் காதையின் அம்மானை வரியும், கலம்பகங்களில் மூவர் கூற்றாக வரும் அம்மானையும் இவ்வெதிர்க்குரலைக் காத்தன. முல்லைக்கலியில் ஏறுதழுவிய பின் நிகழும் குரவையோ வேறு. ஆங்குப் போட்டி ஆடவரது, பாட்டு மகளிரது. அச்சேறிய கும்மி நூல்களில் பெரும்பாலும் ஒரு குரலே எஞ்சிற்று. பாரதியாரின் பெண்கள் விடுதலைக் கும்மி வீறு மிக்கது. எனினும் அதில் எதிர்த்துக் கேட்பவள் இல்லை. கருத்தைப் பரப்ப எழுந்த பாட்டிற்கு அவள் வேண்டாதவள்.

இன்று ஜெயங்கொண்டம் போன்ற ஊர்களின் பொங்கல் விழாக்களில் மகளிர்க்குக் கோலப்போட்டியும் இசை நாற்காலியும் நிகழ்கின்றன. பள்ளிகளில் கும்மியும் கோலாட்டமும் மேடையேறி நடுவரால் மதிப்பெண் பெறுகின்றன. போட்டி அழிந்திலது, பாட்டினுள்ளிருந்து வெளியே பெயர்ந்தது. முன்பு இரு வரிசைகள் தம்முள் மோதின. இன்று இரு குழுக்கள், ஒன்றையொன்று நோக்காது, நடுவரை நோக்கி ஆடுகின்றன. இப்பெயர்ச்சி நமக்கே உரியதன்று. இத்தாலியின் தென்கோடிச் சலெந்தோவில் ஊர்க்களத்து ஆட்டமாயிருந்த பிட்சிகா, 1998இல் தொடங்கிய தரந்தா இரவு விழாவாற் பெருமேடை கண்டது.

மேடையை யாம் பழிக்கவில்லை. கொங்கு நாட்டு வள்ளி ஒயில் கும்மியை மகளிர்க்கும் பயிற்றிய பத்திரப்பன் அவர்கட்கு 2024இல் பத்மசிறீ அறிவிக்கப்பட்டது. ஆடவரே ஆடிவந்த களம் பெண்டிர்க்குத் திறந்தது பெரும்பேறு. எம் குறை தொகுப்பாளர்பால் உள்ளது. நாட்டுப்பாடல் தொகுப்போர் தலைவி பாடுவதை எழுதிக்கொண்டு, எசப்பாட்டை 'மறுமொழி' என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுகின்றனர். கும்மி வட்டத்தில் முன்பாட்டு எடுப்பவள் யார், மடக்குபவள் யார், மடக்கப்பட்டவள் அடுத்து என் செய்தாள் என்பவற்றைப் பாடலோடு சேர்த்தே குறித்தல் வேண்டும். இத்துறை மாணாக்கர் அடுத்த மாரியம்மன் விழாவிற்குச் செல்லுங்கால் இருவர் செல்க. ஒருவர் ஒரு வரிசையின் அருகிலும், மற்றவர் எதிர் வரிசையின் அருகிலும் நிற்க.